"இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" ஒவ்வாமையுள்ள வாடிக்கையாளரும் நமது கடையும்

வியாபாரத்தில் இருக்கும் நாம் ஒரு நாளைக்கு எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்கிறோம். விலை என்ன, கொஞ்சம் குறைக்க முடியாதா, புதுச் சரக்கா பழைய சரக்கா, பெருநாளைக்கு முன் வருமா என்றெல்லாம் கேட்பார்கள். இவற்றுக்கு நம்மிடம் பதில் எப்போதும் தயாராக இருக்கும். ஆனால் "இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குச் சரியான பதில் தெரியும்? இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் ஒரு பகுதியினர் ஹலால், ஹராம் பார்ப்பவர்கள். இன்னொரு பகுதியினர் தமது பிள்ளையின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்பவர்கள். அந்த இரண்டாவது பகுதியினரைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். என்னுடைய பிழையொன்றைச் சொல்லியே தொடங்க வேண்டியிருக்கிறது.

கிழக்கிலே எனக்கு ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. ஒரு பக்கம் மளிகை, மறு பக்கம் பென்சிச் சாமான், முன்னால் இனிப்பு வகைகள். மஸ்கட் நாங்கள் செய்வதில்லை. பக்கத்து ஊரில் வீட்டில் வைத்துச் செய்யும் ஒருவர் பல வருடங்களாக எங்களுக்குத் தருகிறார். எங்கள் கடைப் பெயர் அச்சிட்ட பெட்டியில் போட்டு விற்போம். பெட்டியின் பின்புறத்தில் "கோதுமை மா, சீனி, எண்ணெய், கஜு" என்று அச்சிட்டிருக்கும்.

2022 ஆம் ஆண்டு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சாமான் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்களுக்கு முன் அவர் தொலைபேசியில் பேசினார். கஜு வாங்கிக் கட்டாது, அரைவாசிக்குக் கச்சானை உடைத்துக் கலக்கிறேன், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது என்றார். நானும் சரி என்றேன். இரண்டு நிமிடம் கூடப் பேசியிருக்க மாட்டோம். பெட்டிகள் ஏற்கனவே அச்சடித்துக் கிடந்தன. அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

எங்கள் வழமையான வாடிக்கையாளர் ஒருவருக்கு அப்போது ஏழு வயதில் ஒரு மகன். அவனுக்குக் கச்சான் ஒத்துக்கொள்ளாது. கஜு பிரச்சினையில்லை என்று வைத்தியர் பார்த்துச் சொல்லியிருந்தார். அதனால் வெளியில் அவனுக்கு வாங்கிக் கொடுக்கும் மிகச் சில இனிப்புகளில் எங்கள் மஸ்கட்டும் ஒன்று. பெருநாளன்று ஒரு துண்டு தின்றிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. அது பெற்றோல் வரிசைக் காலம். தகப்பனின் மோட்டார் சைக்கிளில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் முச்சக்கரவண்டியில் மிச்சமிருந்த பெற்றோலில்தான் வைத்தியசாலைக்கு ஓடியிருக்கிறார்கள். ஊசி போட்டு, இரவு முழுக்க வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை தப்பினான்.

நாலு நாள் கழித்துத் தாய் கடைக்கு வந்தார். கையில் அந்தப் பெட்டி. சத்தம் போடவில்லை. "காக்கா, இதில் கச்சான் எப்போ சேர்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்கு வாய் திறக்க முடியவில்லை. அவர் என்னை நம்பி வாங்கவில்லை என்று சொல்லித் தப்பவும் வழியில்லை. பெட்டியில் எழுதியிருந்ததை ஒவ்வொரு முறையும் வாசித்துத்தான் வாங்கியிருக்கிறார். அந்த எழுத்து என்னுடையது.

அதற்குப் பிறகுதான் இந்த விடயத்தைத் தேடி வாசிக்கவும் வைத்தியர்களிடம் கேட்டறியவும் தொடங்கினேன். அறிந்துகொண்டதில் வியாபாரிகளுக்குத் தேவையானதை இங்கே தருகிறேன்.

ஒவ்வாமை என்பது என்ன?

நமது உடம்பில் கிருமிகளோடு போராடும் ஒரு பாதுகாப்பு முறை இருக்கிறது. சிலருடைய உடம்பு பால், முட்டை, கச்சான் போன்ற சாதாரண உணவிலுள்ள புரதத்தைத் தவறுதலாக எதிரியென்று எடுத்துக்கொள்கிறது. அந்தப் புரதத்துக்கு எதிராக ஐ.ஜீ.ஈ. எனப்படும் பிறபொருளெதிரிகளை உருவாக்கி வைத்துக்கொள்கிறது. மறுமுறை அதே உணவு உள்ளே போனதும் ஹிஸ்டமின் முதலான இரசாயனங்கள் ஒரேயடியாக வெளிவருகின்றன. தடிப்பு, வீக்கம், வாந்தி, மூச்சிழுப்பு எல்லாம் அதனால்தான் ஏற்படுகின்றன. பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கிவிடும். கடுமையானால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். இதனை வைத்தியர்கள் அனபிலக்ஸிஸ் என்கிறார்கள்.

இங்கே நாம் விளங்கிக்கொள்ள வேண்டியது அளவு பற்றியதாகும். சீனி வியாதிக்காரர் ஒரு துண்டு இனிப்புத் தின்றால் சமாளித்துக்கொள்ளலாம். ஒவ்வாமைக்காரருக்கு அப்படியல்ல. சிலருக்குக் கரண்டியில் ஒட்டியிருக்கும் தூளே போதும். "கொஞ்சம்தானே கலந்திருக்கிறது" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்பவர்கள் வேறு. அவர்களுக்குப் பாலிலுள்ள லக்ரோஸ் என்ற சீனி செரிப்பதில்லை. அது தொந்தரவு, உயிராபத்தல்ல. அதேபோல் சூரை, கெலவல்லா மீன் தின்று முகம் சிவந்து தலையிடிப்பதையும் நமது ஆட்கள் "அலர்ஜி" என்பார்கள். பல வேளைகளில் அது மீனை ஐஸ் இல்லாமல் வைத்ததால் மீனிலேயே ஹிஸ்டமின் கூடிப்போனதன் விளைவு. அந்த நஞ்சு சமைத்தாலும் போகாது. அது வாங்கியவரின் உடம்புக் கோளாறல்ல, விற்றவரின் ஐஸ் கணக்கில் உள்ள கோளாறு. மீன் வியாபாரிகள் இதைக் கவனத்திற்கொள்வது நல்லது.

கோதுமை, பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, கச்சான், கஜு பாதாம் போன்ற கொட்டைகள், சோயா, எள்ளு ஆகிய ஒன்பதையும் அமெரிக்கச் சட்டம் பிரதான ஒவ்வாமை உணவுகளாகக் கொள்கிறது. எள்ளு கடைசியாகச் சேர்ந்தது. 2023 ஜனவரி முதல் அதையும் லேபலில் குறிப்பிட வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் கடுகு, கணவாய் சிப்பி வகை என்பன உட்பட 14 வகை. 2014 டிசம்பரிலிருந்து பொதி செய்யாமல் விற்கும் உணவுக்கும், உணவகச் சாப்பாட்டுக்கும் கூட அங்கே இந்த விபரத்தைச் சொல்லியாக வேண்டும். மிளகாய்த்தூள், சம்பல், முறுக்கு என்று வெளிநாட்டுக்கு அனுப்பும் நமது சகோதரர்கள் இதைத் தெரியாமல் இருக்க முடியாது. நமது நாட்டிலோ இவற்றோடு மாட்டிறைச்சி ஒவ்வாமையும் பிள்ளைகளிடத்தில் காணப்படுவதாக வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பவை

கச்சான் உருண்டையில் கச்சான் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் இருப்பதில்தான் ஆபத்து. நமது கடைகளிலும் ஹோட்டல்களிலும் இருந்தே சில உதாரணங்களைப் பாருங்கள்.

சீனிச்சம்பல் பணிஸ் மரக்கறிச் சாப்பாடு என்று நினைத்து வாங்குவோர் இருக்கிறார்கள். சம்பலில் மாசி இருக்கும். மீன் ஒத்துக்கொள்ளாதவருக்கு அது ஆகாது. பணிஸின் மேல் பளபளப்புக்குப் பூசுவது முட்டை. உளுந்து வடையை இறால் வடை பொரித்த எண்ணெயிலேயே பொரித்தால் இறாலின் புரதம் அதிலும் சேரும். கொத்துக்கும் பிரைட் ரைஸுக்கும் ஊற்றும் சோயா சோஸில் சோயா மட்டுமல்ல, பெரும்பாலும் கோதுமையும் உண்டு. அரிசி மா இடியப்பம் என்று கேட்பவருக்குக் கோதுமை மா கலந்த இடியப்பத்தைக் கொடுக்கும் வழக்கமும் நம்மிடையே இருக்கிறது. நெய்யில் பாலின் புரதம் சிறிதளவு மிஞ்சியிருக்கும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயில் எள்ளின் புரதம் இருக்கும்.

அரைக்கும் ஆலை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விடயம். 2014 டிசம்பர் தொடக்கம் 2015 இன் ஆரம்ப மாதங்கள் வரை அமெரிக்காவில் சீரகத் தூள் கலந்த நூற்றுக்கணக்கான உணவுப் பொருட்கள் கடைகளிலிருந்து திருப்பி எடுக்கப்பட்டன. காரணம், அந்தச் சீரகத் தூளில் கச்சான் புரதம் கண்டுபிடிக்கப்பட்டது. மசாலா, சோஸ், பொதி செய்த இறைச்சி என்று எத்தனையோ கம்பனிகளின் சரக்கு போனது. எங்கோ ஓரிடத்தில் ஒரு தூளில் சேர்ந்தது கடைசியில் எல்லோர் தலையிலும் விழுந்தது. ஒரே கல்லில் கச்சானும் எள்ளும் மிளகாயும் அரைக்கும் நமது ஆலைகளை நினைத்துப் பாருங்கள்.

மலிவுச் சரக்கும் சிறைத் தண்டனையும்

என் கதையைப் போன்ற ஒன்று, ஆனால் மிகக் கொடிய முடிவோடு, இங்கிலாந்தில் நடந்தது. வட யோர்க்ஷயரில் பல உணவகங்கள் நடத்திய, நமது தெற்காசியாவைச் சேர்ந்த ஒருவர் கடனில் மூழ்கியிருந்தார். கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பவுண் கடன். செலவைக் குறைக்க, கறிக்குப் போடும் பாதாம் தூளை நிறுத்திவிட்டு, கச்சான் கலந்த மலிவான தூளை வாங்கினார். 2014 ஜனவரியில், கச்சான் ஒவ்வாமையுள்ள 38 வயது மனிதர் ஒருவர் அங்கே சிக்கன் டிக்கா மசாலா வாங்கினார். கொட்டை வகை எதுவும் வேண்டாமென்று சொல்லியே வாங்கினார். பெட்டி மூடியிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டு அவர் இறந்து போனார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் அதே உரிமையாளரின் இன்னொரு உணவகத்தில் சாப்பிட்ட ஓர் இளம்பெண் வைத்தியசாலைக்குப் போயிருந்தார். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் தூள் மாறவில்லை. 2016 மே மாதம் நீதிமன்றம் அந்த உரிமையாளரைப் பாரிய கவனயீனத்தால் மரணம் விளைவித்த குற்றவாளியாகக் கண்டு ஆறு வருடச் சிறைத் தண்டனை விதித்தது.

இந்தச் செய்தியை நான் இரண்டு தடவை வாசித்தேன். அவருக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் அந்தப் பையனின் ஆயுள் மட்டுமே என்று எனக்குப் பட்டது.

அதே 2016 ஜூலையில் இங்கிலாந்தில் 15 வயதுப் பிள்ளை நட்டாஷா, விமானப் பயணத்துக்கு முன் ஒரு பாண் சாண்ட்விச் வாங்கித் தின்று இறந்தார். எள்ளு மாவுக்குள்ளேயே பிசையப்பட்டிருந்தது. கடையிலேயே செய்து பொதி செய்த உணவு என்பதால் அதில் லேபல் ஒட்ட வேண்டிய கட்டாயம் அப்போது இருக்கவில்லை. பெற்றோர் போராடியதன் பின் சட்டம் மாறியது. 2021 ஒக்டோபர் 1 முதல் கடையில் செய்து அங்கேயே பொதி செய்து விற்கும் உணவுக்கும் முழு விபரம் ஒட்ட வேண்டும். அதனை மக்கள் "நட்டாஷாவின் சட்டம்" என்றே அழைக்கிறார்கள்.

நமது நாட்டிலும் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் இருக்கிறது. உணவில் அடங்கியுள்ளவை, அதன் தரம், பாதுகாப்பு என்பன பற்றி வாங்குபவரைப் பிழையாக நினைக்க வைக்கும் விதத்தில் லேபல் இடுவதையும் விற்பதையும் அது தடைசெய்கிறது. கஜு என்று அச்சடித்த பெட்டியில் கச்சானை விற்ற நான் எந்த இடத்தில் நின்றேன் என்பதை விளக்கத் தேவையில்லை. புதிதாக லேபல் அச்சடிக்க முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மாதிரியைக் காட்டி, நடைமுறையிலுள்ள விதிகளுக்கு ஏற்றதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பீ.எச்.ஐ. வந்தால் பின்கதவால் போகும் வழக்கத்தை விட்டு, நாமே அவரிடம் போவது நல்லது.

பென்சிக் கடைக்காரரும் தப்ப முடியாது

இது சாப்பாட்டுக் கடைக்காரரின் பிரச்சினை என்று அழகுசாதனம் விற்பவர்கள் நினைக்கக் கூடாது. பாதாம் எண்ணெய்க் கிறீம், பால் சவர்க்காரம், முட்டை ஷம்பு, கோதுமைப் புரதம் சேர்த்த தலைமுடிக் கிறீம், நல்லெண்ணெய் கலந்த உடம்பெண்ணெய் என்று சாப்பாட்டில் உள்ளதெல்லாம் இங்கேயும் உண்டு. உதட்டில் பூசுவது வாய்க்குள்ளும் போகும்.

ஜப்பானில் நடந்ததைக் கேளுங்கள். 2004 முதல் அங்கே பிரபலமாக விற்பனையான ஒரு முகச் சவர்க்காரத்தில், இரசாயன முறையில் உடைத்த கோதுமைப் புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. தினமும் முகம் கழுவிய பெண்களில் பலருக்கு அதுவரை இல்லாத கோதுமை ஒவ்வாமை புதிதாக ஏற்பட்டது. பாண், நூடில்ஸ் சாப்பிட்டுவிட்டு நடந்தாலே கண் வீங்கி, சிலர் மயங்கியும் விழுந்தார்கள். 2011 இல் அந்தச் சவர்க்காரம் திருப்பிப் பெறப்பட்டது. பாதிக்கப்பட்டோர் 2,000 பேருக்கும் அதிகம். வாயால் சாப்பிடுவது மட்டுமல்ல, தோலால் உள்ளே போவதும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. கரப்பன் உள்ள குழந்தைகளுக்குக் கச்சான் எண்ணெய் கலந்த கிறீம் பூசியதற்கும் பின்னர் கச்சான் ஒவ்வாமை வந்ததற்கும் தொடர்பிருப்பதாக 2003 இல் வெளியான பிரித்தானிய ஆய்வு ஒன்றும் காட்டியது.

இதிலே ஒரு சிக்கல் என்னவென்றால், அழகுசாதனப் பெட்டிகளில் தாவரப் பெயர்கள் லத்தீன் மொழியில்தான் பெரும்பாலும் இருக்கும். "அராக்கிஸ் ஹைப்போஜியா" என்றால் கச்சான். "புரூனஸ் அமிக்டலஸ் டல்ஸிஸ்" என்றால் பாதாம். "செசமம் இண்டிகம்" எள்ளு. "ட்ரிட்டிகம் வல்கேர்" கோதுமை. "கிளைசின் சோயா" சோயா. "லாக்" என்றால் பால், "ஓவம்" என்றால் முட்டை. இந்த ஏழையும் ஓர் அட்டையில் எழுதி பென்சிச் சாமான் பகுதியில் நான் ஒட்டி வைத்திருக்கிறேன். விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகள் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

பெருநாள் காலத்தில் நாம் பெருவாரியாக விற்கும் மருதோன்றி பற்றியும் சொல்ல வேண்டும். இது உணவு ஒவ்வாமை அல்ல, தோல் ஒவ்வாமை. ஆனால் கேள்வி ஒன்றுதான்: இதில் என்ன போட்டிருக்கிறீர்கள்? உண்மையான மருதோன்றி செம்மண் நிறமாகப் பிடிக்கும், பிடிக்கச் சில மணித்தியாலம் எடுக்கும். உடனே கறுப்பாகப் பிடிக்கும் "கறுப்பு மருதோன்றி"யில் பீ.பீ.டீ. என்ற தலைமுடிச் சாய இரசாயனம் சேர்ந்திருக்கக் கூடும். ஐரோப்பிய நாடுகளில் தலைமுடிச் சாயத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமே அதற்கு அனுமதி, தோலில் நேரடியாகப் பூச அனுமதியில்லை. பிள்ளைகளின் கையில் கோலம் போட்ட இடமெல்லாம் கொப்புளமாகி, தழும்பு மாதக்கணக்கில் நின்றதுண்டு. ஒருமுறை இப்படி ஒத்துக்கொள்ளாமல் போனவருக்குப் பிற்காலத்தில் தலைமுடிச் சாயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உள்ளடக்கம் எழுதப்படாத கோன் எனது கடையில் இப்போது கிடையாது.

அவர்களும் நன்றாக வாழலாம்

இவ்வளவையும் வாசித்து, ஒவ்வாமையுள்ள பிள்ளை எதையும் தின்ன முடியாமல் வாடும் என்று நினைக்க வேண்டாம். அந்தத் தாயிடம் நான் கற்றதே அதிகம். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு நமது நாட்டில் தேங்காய்ப் பால் இருக்கிறது. கோதுமை ஆகாதவருக்கு அரிசி மா பிட்டு, ஆப்பம், இடியப்பம். முட்டை ஆகாத பிள்ளைக்கு வட்டிலப்பம் கொடுக்க முடியாது, ஆனால் தேங்காய்ப் பாலில் காய்ச்சிய சைனா கிராஸ் கொடுக்கலாம். பிறந்தநாள் வீட்டுக்குப் போகும்போது அவர் மகனுக்கென்று ஒரு சிறு டப்பாவில் இனிப்புக் கொடுத்தனுப்புகிறார். மற்றப் பிள்ளைகள் கேக் தின்னும்போது அவனும் தனது டப்பாவைத் திறக்கிறான். அவனுக்குக் குறை தெரிவதில்லை.

அதேவேளை, தடிப்பு வந்ததற்கெல்லாம் நாமே ஒவ்வாமை என்று முடிவுகட்டி, பிள்ளைக்குப் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதும் பிழை. வைத்தியரிடம் காட்டி, தேவையென்றால் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். பால், முட்டை ஒவ்வாமை பல பிள்ளைகளுக்கு வளர வளர இல்லாமலும் போகும். 2015 இல் வெளியான ஒரு பிரித்தானிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள 640 குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். கச்சான் உணவைச் சிறுவயதிலேயே உண்ணத் தொடங்கியவர்களிடம் கச்சான் ஒவ்வாமை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. ஒதுக்கி வைப்பதுதான் பாதுகாப்பு என்ற பழைய எண்ணத்தையே அது மாற்றிவிட்டது. ஆனால் இதையும் வைத்தியரின் ஆலோசனையோடுதான் செய்ய வேண்டும், ஏற்கனவே ஒவ்வாமை உள்ள பிள்ளையிடம் வீட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது.

வியாபாரி என்ன செய்யலாம்?

பெரிய முதல் எதுவும் தேவையில்லை. எனது கடையில் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு சீ.ஆர். கொப்பி. பொதி செய்யாமலும், நமது பெயரில் பொதி செய்தும் விற்கும் ஒவ்வொரு உணவுக்கும் ஒரு பக்கம். அதில் என்ன சேர்ந்திருக்கிறது, யார் தந்தது, எந்தத் திகதியில் எழுதியது என்பன இருக்கும். கொப்பி கெஷியர் மேசையில் கிடக்கும். யார் கேட்டாலும் திறந்து காட்டுவோம்.

இரண்டாவது, சரக்குத் தருபவரோடு ஓர் ஒப்பந்தம். சேர்மானத்தில் ஒன்றை மாற்றினாலும் சரக்கு வரமுன் எழுத்தில் தர வேண்டும். தொலைபேசிப் பேச்சு ஏற்கப்படாது. மாறிய சரக்குப் பழைய பெட்டியில் போகாது. அச்சடித்த பெட்டி வீணாகிறதே என்றால் மேலே புதிய லேபல் ஒட்டலாம். அந்தச் செலவு எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையை வைத்தியசாலை வாசலில் வைத்துக் கணக்குப் பார்த்தால் அது செலவே அல்ல.

மூன்றாவது, பெரிய பெட்டிகளில் வரும் பிஸ்கட், ரொபி, சொக்லட் வகைகளைப் பிரித்துச் சிறு பைகளில் கட்டும்போது உள்ளடக்க விபரம் பெட்டியோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அந்த அட்டையை வெட்டி எடுத்துக் கொப்பியில் ஒட்டுங்கள்.

நான்காவது, கரண்டி. கச்சானுக்கு ஒன்று, எள்ளுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று. தராசுத் தட்டைத் துடைத்த பின் அடுத்ததை நிறுக்க வேண்டும். கொட்டை வகைகளை அடித்தட்டில் வைத்தால் மற்றவற்றின் மேல் சிந்தாது. பேக்கரி வைத்திருப்பவர்கள் முட்டையில்லாத கேக் செய்வதென்றால் காலையில் முதல் வேலையாக, கழுவிய தட்டில் செய்ய வேண்டும்.

ஐந்தாவதுதான் மிக முக்கியமானது. ஊழியருக்குச் சொல்லிக் கொடுங்கள்: தெரியாவிட்டால் "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல வேண்டும். வாடிக்கையாளரை இழந்துவிடுவோம் என்ற பயத்தில் "அதெல்லாம் இல்லை, தாராளமாகச் சாப்பிடலாம்" என்று சொல்வதுதான் நமது கடைகளின் பெரிய நோய். தெரியாது என்ற பதிலைக் கேட்டு ஒவ்வாமைக்காரர் யாரும் கோபித்ததை நான் கண்டதில்லை. அவர்களுக்குத் தேவை இனிப்பான பதிலல்ல, சரியான பதில்.

கடைசியாக, கடையிலோ ஹோட்டலிலோ ஒருவருக்கு உதடு, நாக்கு வீங்கி, குரல் அடைத்து, மூச்சுத் திணறினால் தண்ணீர் கொடுத்துக் காற்று வீசிக்கொண்டு நிற்க வேண்டாம். உடனே 1990 சுவசரிய அம்பியுலன்ஸை அழையுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தலை சுற்றினால் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், எழுந்து நடக்க விட வேண்டாம். மூச்சுவிடக் கஷ்டப்பட்டால் உட்கார வையுங்கள். இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. அவரிடமே வைத்தியர் கொடுத்த ஊசி இருந்தால் தாமதிக்காமல் அதைப் போட வேண்டும். அலர்ஜிக் குளிசை தடிப்பைக் குறைக்கும், அடைத்த மூச்சைத் திறக்காது.

வருமானக் கணக்கும் பார்ப்போம், வியாபாரப் பகுதியல்லவா. ஒவ்வாமையுள்ள ஒரு பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாகச் சாமான் வாங்குவதில்லை. நம்பக்கூடிய கடை ஒன்று கிடைத்தால் முழு வீட்டுச் சாமானும் அங்கேதான். சொந்தக்காரருக்கும் சொல்வார்கள். ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது, இந்த ஈ இலக்கம் என்ன என்று லேபலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நமது சமூகத்துக்கு ஏற்கனவே இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த வாடிக்கையாளர் நம்மிடம் இருக்கிறார். வாசிப்பதற்கு உண்மையை எழுதிக் கொடுப்பதுதான் நமது பங்கு. நிறுவையில் மோசடி செய்யக் கூடாது என்று நமக்குச் சிறுவயதிலேயே சொல்லித் தந்தார்கள். சேர்மானத்தை மறைப்பதும் நிறுவையில் கைவைப்பதைப் போன்றதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தத் தாய் நெடுநாள் கடைப்பக்கம் வரவில்லை. நான் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வருடம் நோன்புப் பெருநாளுக்கு முன் வந்தார், மகனும் கூட வந்தான். கொப்பியை எடுத்துக் கொடுத்தேன். தாய் வாசித்து முடித்ததும் மகன் வாங்கி ஒருமுறை வாசித்தான். "கஜு மட்டும்தானே மாமா?" என்று கேட்டான். "கஜு மட்டும்தான் மகன்" என்றேன். அதற்குப் பிறகும் பெட்டியைத் திருப்பி, திகதியையும் பார்த்துவிட்டுத்தான் கூடையில் வைத்தான்.

நீங்களும் இந்த வாரம் கடை பூட்டிய பின் அரை மணித்தியாலம் ஒதுக்கி, லேபல் இல்லாமல் விற்கும் பத்துப் பொருட்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். எனக்கு முதல் நாளில் நான்குக்குத்தான் பதில் தெரிந்தது.